குரூப் எடுக்கும் வாரம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வரை பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம், 500 மதிப்பெண். 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்ததால், செய்யூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியிலும் தாம்பரத்து மெட்ரிகுலேஷன் பள்ளியிலும் ஒரே புத்தகம்தான். மே மாதத்தில் முடிவு வெளியாகிறது. உடனே கேள்வி வருகிறது: "என்ன குரூப்?" பத்தாண்டுகளாக எதையும் கேட்காத பள்ளி, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது. பதில் சொல்ல வேண்டியவருக்கு வயது 15.

மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியபோது, அதுவரை கல்லூரியில் பி.யூ.சி.யாக இருந்த படிப்பு பள்ளிக்குள் வந்தது. குரூப் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் சேர்ந்தால் ஃபர்ஸ்ட் குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் என்றால் கம்ப்யூட்டர் குரூப். கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தால் ப்யூர் சயின்ஸ். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் தேர்ட் குரூப். வரலாறு ஆர்ட்ஸ் குரூப். எல்லாவற்றுக்கும் கடைசியில் தொழிற்கல்வி, அதாவது வொக்கேஷனல். இந்த வரிசையே ஒரு சாதி அடுக்குபோல மனத்தில் பதிந்துவிட்டது. "என் பையன் ஃபர்ஸ்ட் குரூப்" என்று சொல்லும் குரல் வேறு, "தேர்ட் குரூப்தான்" என்று சொல்லும் குரல் வேறு.

உண்மையில் குரூப்பைத் தீர்மானிப்பது யார்? பல இடங்களில் மதிப்பெண் பட்டியல் முதலில் தீர்மானிக்கிறது. இத்தனைக்கு மேல் எடுத்தால்தான் ஃபர்ஸ்ட் குரூப் என்று பள்ளிகள் தாமாகவே ஒரு கோடு போட்டுக்கொள்கின்றன. அடுத்தது பேருந்து. செங்கல்பட்டு மாவட்டத்தில் பாலாற்றுக்குத் தெற்கே கூவத்தூர், கடப்பாக்கம், இடைக்கழிநாடு பக்கத்துப் பிள்ளைக்கு, போய் வரக்கூடிய தொலைவில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் என்ன குரூப் நடக்கிறதோ அதுதான் விருப்பப் பாடம். ஒவ்வொரு குரூப்புக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் வேண்டும். இயற்பியலுக்கு ஆள் இல்லாத பள்ளியில் அறிவியல் குரூப் பெயரளவுக்குத்தான் நடக்கும். மூன்றாவது, நண்பர்கள். பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எங்கே போகிறானோ அங்கே போவது. பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அண்டை வீட்டுப் பையன் ஐ.டி.யில் சேர்ந்தான் என்பதற்காகத் தம் பிள்ளையைக் கம்ப்யூட்டர் குரூப்பில் தள்ளியவர்கள்தான் அவர்களும்.

கேரளத்தில் இந்த வேலை வேறு விதமாக நடக்கிறது. அங்கே பிளஸ் ஒன் சேர்க்கைக்கு 'ஏகஜாலகம்' என்ற ஒற்றைச் சாளர முறை உண்டு. மாணவர் பள்ளியையும் பாடத்தொகுப்பையும் சேர்த்து வரிசையாக விருப்பம் தெரிவிக்கலாம். முதலில் ஒரு சோதனை ஒதுக்கீடு வெளியாகும். அதைப் பார்த்துவிட்டு வரிசையை மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பள்ளியில் எந்தத் தொகுப்பு இருக்கிறது என்பது எல்லோருக்கும் ஒரே இடத்தில் தெரிகிறது. பொறியியல் கலந்தாய்வை இதே முறையில் பல ஆண்டுகளாக நடத்திவரும் தமிழ்நாட்டில், பிளஸ் ஒன் மட்டும் இன்னும் தலைமை ஆசிரியர் அறை வாசலில்தான் நடக்கிறது.

பெற்றோரும் ஆலோசகர்களும் வழக்கமாக ஒரு கேள்வியோடு தொடங்குகிறார்கள்: "நீ என்ன ஆகப் போகிறாய்?" பதினைந்து வயதில் இதற்கு நேர்மையான பதில் "தெரியாது" என்பதுதான். இன்னும் உதவக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் குரூப்பை எடுத்தால் எந்தக் கதவுகள் மூடும்? மூடிய கதவைப் பிறகு திறக்க முடியுமா, எவ்வளவு செலவாகும்? இதற்கு விருப்பு வெறுப்பு சாராத, சரிபார்க்கக்கூடிய பதில்கள் இருக்கின்றன. அந்தப் பதில்கள் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் கடைசியில் போய்ச் சேருகின்றன.

எடுத்துக்காட்டாக, அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளத்திலிருந்து பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரையோரம் மீனவர் குப்பங்கள். இவற்றை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னை எல்லைக்குள் உத்தண்டியில், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். வணிகக் கப்பலில் அதிகாரியாவதற்கான நாட்டிகல் சயின்ஸ் படிப்பில் சேரப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். அவற்றில் சராசரி 60 சதவீதமும் வேண்டும். தலைமுறைகளாகக் கடலில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை, பக்கத்துப் பள்ளியில் தேர்ட் குரூப்தான் கிடைத்தது என்று சேர்ந்துவிட்டால், அந்தக் கப்பல் அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டது. கடற்படைக்கும் அதே கதை. தேசிய பாதுகாப்பு அகாடமியில் தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். 2021-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களுக்கும் அந்த அகாடமி திறந்திருக்கிறது.

மீன்வளப் படிப்பு மறுபக்கம். 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்சி. படிப்புக்கு உயிரியல் வேண்டும், அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும். அதில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் சோதனைப் பண்ணை இருக்கிறது. அங்கே விஞ்ஞானியாகப் போக வேண்டுமானால், பாதை பதினைந்து வயதில் உயிரியலை எடுப்பதில் தொடங்குகிறது. ஆக ஒரே குப்பத்துப் பிள்ளைக்கு, ஒரே கடலை நம்பிய இரண்டு வழிகள், இரண்டு வெவ்வேறு பாடங்களைக் கேட்கின்றன. இதை யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா என்பதுதான் விஷயம்.

எல்லாப் பாடங்களிலும் விடுவதற்கு மிகுந்த யோசனை தேவைப்படுவது கணிதம். உயிரியலை விட்டவர் பின்னால் ஒரு வழி பார்த்துக்கொள்ளலாம். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பிளஸ் டூ முடித்த பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. வணிகவியலை விட்டவருக்குக் கதவே மூடுவதில்லை: சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வை எந்தக் குரூப்காரரும் எழுதலாம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும் எவரும் சேரலாம். செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. கணிதம் அப்படியில்லை. பொறியியல், கப்பல், விமானப்படை, புள்ளியியல் என்று பல வரிசைகளில் நிற்க அதுதான் நுழைவுச்சீட்டு. பொருளியலிலும் அப்படியே, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் சேர வேண்டுமானால் பள்ளியில் கணிதம் படித்திருக்க வேண்டும். தேர்ட் குரூப்பிலேயே வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த ஒரு தொகுப்பு இருக்கிறது. கணக்கைக் கண்டு முழுதாக ஓட வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல நடுவழி. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பதில்லை.

கலைக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் மாமல்லபுரத்துக்கு ஒருமுறை வந்து போகலாம். அங்கே 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கி, இன்று அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கல்லூரியாக இருக்கும் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் வடித்தது. பிள்ளையார்பட்டி மரபில் வந்த ஸ்தபதி குடும்பத்துக்காரர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் அவர் பட்டம் பெற்ற பாடம் கணிதம். சிற்ப சாத்திரத்தில் தாளம், அங்குலம் என்று எல்லாம் அளவு. மாமல்லபுரக் கல்லூரியில் மரபுக் கட்டடக் கலைக்குப் பி.டெக். பட்டமும், கல், உலோகச் சிற்பங்களுக்கும் ஓவியத்துக்கும் நுண்கலைப் பட்டமும் தருகிறார்கள். 2015-இல் உலகக் கைவினை மன்றம் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017-இல் இங்கத்திய கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவும் ஊருக்குள்ளேயே இருந்தும், "என்ன குரூப்?" பேச்சில் இந்தக் கல்லூரியின் பெயர் எழுவது அபூர்வம்.

அடுத்தது உயிரியல். ஃபர்ஸ்ட் குரூப் எடுப்பவர்களில் பலர் சொல்லும் காரணம், "டாக்டர், இன்ஜினியர் ரெண்டு கதவும் திறந்திருக்கும்". உண்மைதான். அதற்கு விலையும் உண்டு. பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் அதில் ஒரு மதிப்பெண்கூடச் சேராது. மருத்துவத்துக்கு நீட். அதில் கணிதத்துக்கு வேலையே இல்லை. இரண்டு கதவையும் திறந்து வைப்பவர், நான்கு கனமான பாடங்களில் எப்போதும் ஒன்றைக் கணக்கில் வராமலே சுமக்கிறார். சுமக்கக்கூடியவர்கள் தாராளமாகச் சுமக்கட்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவரையும் "எதற்கும் இருக்கட்டும்" என்று இதில் உட்கார வைப்பது வேறு.

1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் வாசலைத் தினமும் பேருந்தில் கடக்கும் பிள்ளைக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் ஒருகாலத்தில் கிட்டத்தட்ட மூடியே இருந்தது. 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம், அதுவரை ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த எண்ணிக்கையை ஒரே ஆண்டில் 300-க்கு மேல் உயர்த்தியது. ஆகவே அரசுப் பள்ளியில் உயிரியல் எடுப்பது இன்று வெறுங்கனவு இல்லை. ஆனாலும் நீட்டில் மருத்துவ இடம் கிடைக்காத பெரும்பான்மைக்கு அடுத்த படி என்ன என்பதையும் அதே நாளில் பேச வேண்டும். செவிலியம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம் என்று உயிரியல் திறக்கும் கதவுகள் நிறைய. அவற்றைத் தோற்றவர்களுக்கான பட்டியலாகக் காட்டுவதில்தான் கோளாறு.

வணிகவியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். இடத்துக்குத்தான் இன்று பெரும் போட்டி. அறிவியல் கிடைக்காதவர்களின் ஒதுங்குமிடம் என்ற பேர் வீட்டளவில் மட்டும் மிச்சமிருக்கிறது.

தொழிற்கல்விக்கு நேர்ந்தது வருத்தமான கதை. பொது இயந்திரவியல், வேளாண் அறிவியல், செவிலியம் போன்ற தொகுப்புகள் மேல்நிலைக் கல்வியோடே பிறந்தவை. ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் பல பள்ளிகளில் அந்தப் பிரிவுகள் மெல்ல மூடப்பட்டன. மறைமலை நகர், மகேந்திரா சிட்டி தொழிற்பகுதிகள் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் இயந்திரவியல் பிரிவு தேய்வது விநோதம்தான். பத்தாம் வகுப்போடு நேரே பாலிடெக்னிக்கில் சேர்ந்து மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இன்னும் இருக்கிறது. பிளஸ் ஒன் குரூப் பேச்சில் மூழ்கிய வீடுகள், குரூப்பே தேவைப்படாத இந்த வழியைப் பேச மறந்துவிடுகின்றன.

தொழிலைப் பார்த்துப் பாடம் எடுப்பதற்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் மறைமலை நகரே காட்டுகிறது. 1999-இல் ஃபோர்டு நிறுவனத்தின் ஐகான் கார் அங்கிருந்து வெளிவந்தபோது, மெக்கானிக்கல் படித்தால் வீட்டுப் பக்கத்திலேயே வேலை என்று நம்பிய குடும்பங்கள் எத்தனையோ. 2021-இல் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் ஆலை நின்றது. 2024-இல் ஏற்றுமதிக்காக அதே ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாகச் சொன்னது. ஒரு பிள்ளை பிளஸ் ஒன்னில் சேர்ந்து பொறியியல் முடிக்க ஆறாண்டு ஆகும். அதற்குள் ஆலை ஒருமுறை மூடி, மீண்டும் திறக்கும் பேச்சும் வந்துவிடுகிறது. இன்றைக்குச் சிறுசேரியில் விளக்கெரியும் ஐ.டி. கட்டடங்களைக் காட்டிக் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். கணினி அறிவியல் பட்டப்படிப்பில் சேரப் பள்ளியில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பொறியியலில் அங்கும் கேட்பது கணிதத்தைத்தான்.

குரூப்போடு சத்தமில்லாமல் இன்னொரு தேர்வும் நடக்கிறது: பயிற்று மொழி. பத்து வரை தமிழ் வழியில் படித்தவர்களைப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாற்றும் பழக்கம் பெருகியிருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்கான தகுதிப் படிப்பு வரை எல்லா நிலைகளிலும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் மொழி மாறியவர், பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஒன் எழுதும்போது அந்த ஒதுக்கீட்டை இழந்திருப்பார். மாறுவது தவறென்று சொல்ல முடியாது. பொறியியலோ மருத்துவமோ குறியென்றால் ஆங்கில வழி உதவக்கூடும். தெரிந்து மாற வேண்டும், அவ்வளவுதான். முன்பு மதிப்பெண் வேட்டைக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவர்களும் இப்படித்தான். தமிழை முதல் பாடமாக எடுத்தவர்களுக்கே மாநில ரேங்க் என்றிருந்தது. 2017-இல் ரேங்க் முறையே போய்விட்டது. கட் ஆஃபில் மொழிப்பாடம் சேர்வதும் இல்லை.

கல்பாக்கம் அணுசக்தி நகரியத்துப் பள்ளிகள் போன்றவற்றில் சி.பி.எஸ்.இ. படிப்பவர்களுக்குப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஓராண்டு முன்பே வந்துவிடுகிறது. 2020 முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டு தாள். பேசிக் எழுதியவருக்குப் பதினொன்றில் வழக்கமான கணிதம் இல்லை என்பது மூல விதி. பயன்பாட்டுக் கணிதம் எடுக்கலாம். மூல விதியிலும் அவ்வப்போது தளர்வுகள் தந்திருக்கிறார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் 'நாட்டமறித் தேர்வு' நடத்திப் பார்த்தார்கள். 2022 மார்ச் 1-இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றால் பயன் உண்டு. ஆனால் 'கல்லூரிக் கனவு' பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. அதற்குள் கதவுகளில் பாதி மூடியிருக்கும். நாட்டமறித் தேர்வு, பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று சொல்லும். அந்த நாட்டத்துக்கான குரூப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்று சொல்லாது.

வெளியே பார்த்தாலும் இந்தத் தலைவலிக்கு முழு மருந்து கண்டவர்கள் குறைவு. இலங்கையில் உயர்தர மாணவர் மூன்று பாடங்களைத்தான் முதன்மையாக எடுக்கிறார். கலைப் பிரிவில் சேர்பவர்கள் குவிந்ததால் 2013-இல் தொழில்நுட்பப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். அங்கும் கிராமத்துப் பள்ளிகளின் கேள்வி, ஆசிரியரும் ஆய்வுகூடமும் எங்கே என்பதுதான். இங்கிலாந்தில் ஏ லெவலுக்கு மூன்று பாடம் போதும். அங்கே முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குரூப், அதிகக் கதவுகளைத் திறந்து வைக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. கலைப் பாடங்களை அது ஓரங்கட்டுகிறது என்ற விமர்சனம் வலுத்து, 2019-இல் பட்டியலைக் கைவிட்டுவிட்டு, எந்தப் பாடத் தொகுப்பு எந்தப் படிப்புக்குச் செல்லும் என்று மாணவரே தட்டிப் பார்க்கும் இணையதளத்தை வைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு உடனே தேவைப்படுவது இதைப் போன்ற ஒன்று. தமிழில், மாவட்டவாரியாக, எந்தப் பள்ளியில் எந்தக் குரூப் என்ற விவரத்தோடு, ஒன்பதாம் வகுப்பிலேயே.

சுமையைக் குறைக்க ஒருமுறை முயன்றார்கள். நான்கு முதன்மைப் பாடங்களுக்குப் பதில் மூன்றை மட்டும் எடுத்து, 600-க்குப் பதில் 500 மதிப்பெண்ணுக்குத் தேர்வெழுதலாம் என்று 2019 செப்டம்பரில் அரசாணை வந்தது. பொறியியல் மட்டுமே குறி என்பவர் உயிரியலைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று பாடத்தோடு நிற்பவருக்கு மாற்றுவழி அடைபடும் என்ற அச்சமும் எழுந்தது. நடைமுறைக்கு வரவேண்டிய 2020-இலேயே அது கைவிடப்பட்டது. யோசனையில் தவறில்லை, கதவுகளின் வரைபடத்தைக் கையில் கொடுக்காமல் சாவிகளைக் குறைத்ததுதான் பிசகு.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்தது. தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தியதைத் தடுக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கியது. 2025-26 முதலே அது இல்லை. பழைய குதிப்பு திரும்புமோ என்ற கவலை நியாயமானது. அதே நேரம், இதுவரை இல்லாத ஒரு வசதியும் இதில் கிடைத்திருக்கிறது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் நெருக்கடி பதினொன்றில் இல்லாததால், தவறான குரூப்பில் உட்கார்ந்தவரைக் காலாண்டுத் தேர்வு வரை காத்திருந்து மாற்றிவிட முடியும். இப்போது சேர்ந்த சில வாரங்களில் பள்ளிகள் அந்தப் பேச்சை முடித்துவிடுகின்றன. காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு, வகுப்பில் இடமிருந்தால் மாற அனுமதிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை.